ஏழாம் கேமராவில் ஊதாப் பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. அந்தத் தாய்ப்பன்றி செத்ததை நான் பார்க்கவில்லை. குட்டிகள் செத்ததையும் பார்க்கவில்லை. மாயாபந்தர் ஜெட்டிக்குப் போகிற வழியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிலுவைராஜ் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு லெமு அங்கிள் சொல்லித்தான் தெரியும். அதனால் இதில் பாதி, கேட்ட கதை. எது நான் பார்த்தது, எது கேட்டது என்று பிரித்துச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் எந்த ஆபீசிலும் வேலை பார்க்கவில்லையே? டீச்சர் என்றீர்கள். எந்த ஸ்கூல்? சரி. தப்பாக நினைக்காதீர்கள். முன்சீட்டில் நீலச் சட்டைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். எனக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் ஆபீஸ் ஆள் மாதிரியே தெரிகிறது. காட்டு ரோட்டில் பஸ்களைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இந்தச் சுருள் காகிதம் உங்கள் மேல் இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். இது என்ன என்று பிறகு காட்டுகிறேன்.

என் பெயர் தமயந்தி. எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான். அப்பா ரோடு போடுகிற வேலையில் மஜ்தூர். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, காட்டுப்பன்றிக் கணக்கெடுப்புத் திட்டத்தில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். காட்டுப்பன்றி என்றதும் சிரிக்காதீர்கள். ஊர்ச் சாக்கடையில் திரிகிற பன்றி இல்லை அக்கா. இது குட்டையாக, கறுப்பாக, இந்தத் தீவுகளுக்கே உரிய பன்றி. வேறெங்கும் கிடையாது. இங்கே போனால் போனதுதான். எத்தனை மிச்சம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால்தான் எண்ணச் சொன்னார்கள்.

எண்ணுவது எப்படி என்றால், காட்டுக்குள் பதினாறு மரங்களில் பதினாறு கேமரா கட்டியிருக்கும். எது அசைந்தாலும் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை நாங்கள் போய் கார்டை மாற்றிக்கொண்டு வருவோம். பிறகு நான் ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து, தேதி, நேரம், என்ன விலங்கு, எத்தனை, குறிப்பு என்று நிரப்ப வேண்டும். எண்ணுவதில் நான் ஒரு தப்பும் விட்டதில்லை. புதர் மறைவில் வால் மட்டும் தெரிந்தாலும் எண்ணிவிடுவேன். திட்டத்தை நடத்துகிற பெரிய சாரே சொல்லியிருக்கிறார்.

லெமு அங்கிள் என்றேனே, அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. முழுப்பேர் சா லெமுவேல். கரேன்காரர். அவருடைய தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய ஜனங்கள். ஐம்பது வயது இருக்கும். என்னை 'பி.எஸ்ஸி. மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் பேசியதெல்லாம் ஹிந்தியில். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

எனக்கு முதல் நாளிலிருந்தே அவர் மேல் சந்தேகம்தான். கரேன்காரர்கள் பன்றி வேட்டையில் கெட்டிக்காரர்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே கண்ணி வைக்கிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அது வேறு விஷயம்.

சும்மா சந்தேகப்படவில்லை அக்கா. காரணம் இருந்தது. முதல் காரணம், குழி. காட்டில் சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டுவார்.

"மிச்சத்தக் குடுங்க மேடம்."

"ரெண்டு வாய் சோறுதான் அங்கிள். எறும்பு தின்னுட்டுப் போகட்டும்."

"எறும்பு மட்டும்தான் வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

வாங்கி, வெட்டுக்கத்தியால் முழங்கால் ஆழம் குழி தோண்டி, சோறு, மீன் முள், காய்ந்த மிளகாய்வரை போட்டு மூடி, மேலே கல் வைப்பார். இரண்டு வாய் சோற்றுக்கு யாராவது குழி தோண்டுவார்களா? வேறெதற்கோ குழி தோண்டிப் பழகிய கை என்று நினைத்தேன்.

இரண்டாவது, பூட்ஸ். ஓடை தாண்டும் இடத்தில் நின்று, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். என்னையும் கழுவச் சொல்லித் தொந்தரவு செய்வார். ரத்த வாடை போகத்தான் கழுவுகிறார் என்று நினைத்தேன். காட்டுக்குள் போவதற்கு முன்னால்தான் கழுவினார், வெளியே வந்த பிறகு இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது, அவர் பட்டியில் இருந்த பதினோரு பன்றியும் போன வருஷம் பத்தே நாளில் செத்துவிட்டன. அவரே சொன்னார். பன்றிகளுக்கு மட்டும் வருகிற ஒரு காய்ச்சலாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கு வந்தால் பட்டியோடு போய்விடும். "பதினொண்ணையும் நான்தான் மேடம் குழி தோண்டிப் பொதச்சேன்," என்றார். பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே, அப்படியானால் கறிக்கு இவர் என்ன செய்கிறார் என்று தோன்றியது. என் புத்தி அப்படித்தான் போகும். படித்ததனால் வந்ததா, பயத்தால் வந்ததா, தெரியவில்லை.

ஏழாம் கேமராவில் ஒரு தாய்ப்பன்றி வரும். இடது காது கிழிந்திருக்கும். மார்ச்சில் ஐந்து குட்டிகளோடு வந்தது. பதினாறு கேமராவிலும் அந்த வருஷம் குட்டியோடு பதிவான பன்றி அது ஒன்றுதான். பெரிய சார் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இத பத்திரமா பாத்துக்கம்மா," என்றார். என்னமோ என் வீட்டுத் தொழுவத்தில் கட்டியிருப்பது மாதிரி. அந்தப் பன்றி இருந்தால் திட்டம் இருக்கும், திட்டம் இருந்தால் எனக்கு வேலை இருக்கும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஏப்ரலில் புனித வெள்ளி வந்தது. லெமு அங்கிள் சர்ச்சுக்குப் போக லீவு கேட்டார். "நீங்களும் போகாதீங்க மேடம், ஒரு நாள் தள்ளி மாத்தினா கேமரா அழாது," என்றார். ஏன் போக வேண்டாம் என்கிறார்? எனக்கு உடனே அதுதான் தோன்றியது. அதனாலேயே போனேன். ரேஞ்ச் ஆபீஸ் மஜ்தூர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர் ஓடைக்கு இந்தப் பக்கமே பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மேலே ஏறி, ஏழாம் கேமராவில் கார்டை மாற்றிவிட்டு, என்னைப் படம் எடுத்துவிடக் கூடாது என்று மரத்துக்குப் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டேன் அக்கா. கையை நீட்ட ஆள் இல்லை.

அன்றைக்கு அம்மா கட்டிக் கொடுத்தது உப்புக்கண்டம். பக்கத்துத் தெரு வேலாயுதம் மாமா தன் பன்றிகளையெல்லாம் மார்ச்சில் ஒரே வாரத்தில் வெட்டி, மலிவாக விற்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மலிவாகக் கிடைத்தால் யார் கேட்பார்கள்? அம்மா நிறைய வாங்கி உப்புப் போட்டுக் காய வைத்தாள். அன்றைக்கு அவசரத்தில் லேசாக வாட்டித்தான் வைத்திருந்தாள். தோலோடு இருந்த துண்டுகள் ரப்பர் மாதிரி இருந்தன. மெல்ல முடியவில்லை. திரும்ப அதே வாழை இலையில் சுருட்டி, அம்மா கட்டியிருந்த சேலைக் கிழிசலாலேயே கட்டி, சரிவில் எறிந்தேன். பிளாஸ்டிக் எறியவில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். இலையும் துணியும் மக்கிவிடும்.

அடுத்த வாரம் அந்தக் கார்டைப் பார்த்தபோது ஓர் அருமையான படம் விழுந்திருந்தது. பட்டப்பகல். வெயில் சரியாக முகத்தில் விழுகிறது. தாய்ப்பன்றி நேராகக் கேமராவைப் பார்க்கிறது. ஐந்து குட்டியும் காலடியில். அதன் வாயில் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு பூங்கொடி தொங்குகிறது. நான் குறிப்புப் பகுதியில், 'உணவு: ஊதாப் பூ (?)' என்று எழுதினேன். கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன். பெரிய சார் ரிப்போர்ட்டில் சேர்த்தபோது கேள்விக்குறி போய்விட்டது. இந்தப் பன்றி பூ தின்னும் என்று யாரும் இதுவரை எழுதியதில்லையாம். புதிய தகவலாம்.

நான் லெமு அங்கிளிடம் கேட்டேன்.

"ஏழாம் கேமரா பக்கம் ஊதாப் பூ எங்க இருக்கு அங்கிள்?"

"அங்க ஏது பூ?"

"பன்னி தின்னுதே. போட்டோ இருக்கு."

"ஏப்ரல்ல அந்தச் சரிவுல ஊதாப் பூ கெடையாது பி.எஸ்ஸி. மேடம். முப்பது வருஷமா நடக்கறேன்."

"அப்ப கேமரா பொய் சொல்லுதா?"

"கேமரா எதுக்குப் பொய் சொல்லப் போவுது? எழுதறவங்க சொல்லலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "அந்த போட்டோவக் காட்டுங்க, என்னன்னு பாத்துச் சொல்றேன்," என்றார்.

காட்டவில்லை. வழிகாட்டிகளுக்குப் படங்களைக் காட்டக் கூடாது என்பது விதி. எந்த இடத்தில் எது வருகிறது என்பது வெளியே போய்விடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். விதிப்படிதான் நடந்தேன். பன்றி மேய்கிற இடத்தை மறைக்கத்தான் பூவே இல்லை என்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மே மாதம் ஆறாம் தேதி ஆபீஸ் வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. பூட்ஸ் சேறாக இருந்தது.

"மேடம், ஏழுல அந்தத் தாய் தள்ளாடுது. ஓடையில போய் படுத்துக் கெடக்கு. காதெல்லாம் செவந்துபோச்சு. என் பட்டியில பாத்தேனே, அதே மாதிரி. மேல எழுதுங்க. டாக்டர வரச் சொல்லுங்க."

"நீங்க இன்னிக்கு எதுக்குக் காட்டுக்குப் போனீங்க? நம்ம முறை வெள்ளிக்கிழமைதானே?"

"பாக்கத்தான் போனேன்," என்றார்.

நான் எழுதவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அதோடு, நாளைக்குப் பன்றி காணாமல் போனால் சொல்வதற்கு இப்போதே காரணம் தயார் செய்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கார்டை எடுத்து வந்து பார்த்தேன். பன்றி ஒரு படத்திலும் இல்லை. லெமு அங்கிள் இருந்தார். எட்டாம் தேதி காலை, தோளில் ஒரு சாக்கு. கனமான சாக்கு. அவர் குனிந்திருந்த விதத்திலேயே கனம் தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தால் இல்லை அக்கா, உண்மையைச் சொல்கிறேன். நான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தால். அரை மணி நேரத்தில் படத்தை மேலே அனுப்பினேன்.

அவருடைய அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். வேட்டைக் குற்றம் என்று எழுதி விசாரணைக்கு வைத்தார்கள். இனி அவர் எந்தக் காட்டுப்பக்கமும் கால் வைக்கக் கூடாது. நிரூபணமானால் ஜெயில். எனக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தம் நீட்டித்தார்கள். அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். வேலாயுதம் மாமா வீட்டுக்கும்.

இனிமேல் வருவது சிலுவைராஜ் அண்ணன் சொன்னது. ஜூனில் உப்பு வாங்கப் போனேன். அவர் உப்பை நிறுக்காமல் என்னைப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர், பேச்சு அப்படியேதான் இருக்கும்.

"ஏ பிள்ள, லெமுவ போட்டோ புடிச்சுக் குடுத்தவ நீதான?"

"கேமரா புடிச்சது அண்ணே. நான் அனுப்பினேன்."

"சாக்குக்குள்ள என்ன இருந்துன்னு பாத்தியாட்டீ?"

"பன்னி."

"பாத்தியான்னு கேட்டேன்."

உப்புக்கான காசை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"சுண்ணாம்பு. என் கடைச் சுண்ணாம்பு. மூணு நாளு, மூணு சாக்கு. மொத நாளு ரெண்டு குட்டி. மறுநாளு ரெண்டு. கடைசியில தாயும் மிச்சக் குட்டியும். நெஞ்சளவு குழி தோண்டி, சுண்ணாம்பக் கொட்டி, பாறையப் பொரட்டி மேல வச்சிருக்கான். வேற பன்னி கிளறித் தின்னா அதுக்கும் ஒட்டிக்கிடுமாம். கை தோலெல்லாம் வெந்துபோயி வந்தான். நான்தான் தேங்காண்ணெ போட்டு விட்டேன்."

"அப்ப ஏன் அவர் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னானே. ஒங்கிட்டதான் சொன்னான்."

நான் நம்பவில்லை. கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்குப் பரிந்துதான் பேசுவார் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் காய்ச்சலைப் பற்றிப் படித்தேன். நோய் கண்ட பன்றியின் கறியை உப்புப் போட்டுக் காய வைத்தாலும் கிருமி மாதக்கணக்கில் சாகாது என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். உப்புக்கண்டம் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். நான் மட்டுமா?

போன வாரம் இந்தப் போஸ்டர் அச்சாகி வந்தது. திட்டத்தின் விளம்பரம், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப் போகிறார்கள். உங்கள் ஸ்கூலுக்கும் வரும். அந்தப் படம்தான். பூ தின்கிற படம். லேப்டாப்பில் கையகலம் பார்த்ததை இப்போது கதவளவு போட்டிருக்கிறார்கள். ஆபீசில் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எல்லோரும் குட்டிகளைத்தான் பார்த்தார்கள். நான் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டேன், தலைவலி என்று.

நாளைக்குக் காலை பத்து மணிக்குப் போர்ட் பிளேரில் விசாரணை. முதல் சாட்சி நான்தான். சாக்குப் படத்தைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். வேறெதையும் நானாகச் சொல்ல வேண்டியதில்லை. செத்த பன்றியிலிருந்து யாரும் ரத்தம் எடுக்கவில்லை, பரிசோதிக்கவில்லை. எதனால் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பேசாமல் இருந்துவிடலாம்.

இந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. விரிக்கிறேன். காற்றில் பறந்துவிடப் போகிறது, கெட்டியாகப் பிடியுங்கள். பாருங்கள். நன்றாக இருக்கிறதல்லவா? 'நம் தீவின் சொந்தப் பன்றி' என்று போட்டிருக்கிறார்கள். குட்டிகளை விடுங்கள். வாயைப் பாருங்கள்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, திரும்பச் சொல்லுங்கள்.

ஆமாம். முடிச்சு. ஓரத்தில் மஞ்சள் கரை கூடத் தெரிகிறது. என் அம்மாவின் சேலை.

உங்களிடம் இதைக் காட்டத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். ஏறியதிலிருந்து பஸ்ஸில் யாரிடம் கேட்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ என்று நீங்கள் சொல்லியிருந்தால், பூவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருந்தேன். பெரிய சாருக்குத் தெரியாதது, பத்துப் பேருக்குத் தெரியாதது, உங்களுக்கும் தெரியாமல் இருந்திருந்தால் நாளைக்குச் சாக்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்திருப்பேன். நீங்கள் ஒரே பார்வையில் துணி என்று சொல்லிவிட்டீர்கள்.

டிரைவர் ஏறிவிட்டார். சுருட்டிக்கொள்கிறேன். நாளைக்கு இதையும் கொண்டுபோகிறேன். என் குறிப்பேட்டையும் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டையும் நேற்றுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். குறிப்பேட்டில் என் கையெழுத்தில்: ஏப்ரல் 18, ஏழாம் கேமரா, மதியச் சாப்பாடு, 12:40 முதல் 1:05 வரை. படத்தின் மூலையில்: ஏப்ரல் 18, பிற்பகல் 1:52. தாய் ஒன்று, குட்டி ஐந்து. எண்ணிக்கையை மட்டும் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.